இனிக்கிற தண்ணீரிலும் எமன் இருப்பான்!

சில வருடங்களுக்கு முன்பு நடந்த சம்பவம் இது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமம். என் சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம். தென்னந்தோப்பில் பந்தல் போட்டிருந்தார்கள். காலையில் சந்தகையும் தேங்காய்ப் பாலும் பரிமாறினார்கள். மத்தியானம் வடை, பாயசத்தோடு விருந்து. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். "சமையல் பிரமாதமுங்க" என்று சமையல்காரரைப் பாராட்டினார்கள்.

மறுநாள் பொழுது விடிந்தது. ஒரு வீட்டில் வாந்தி. இன்னொரு வீட்டில் பேதி. சாயங்காலத்துக்குள் இருபது பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று கண் செருகிக் கிடந்தது. அதைக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது" என்றார் டாக்டர்.

பழி யார் மேல் விழுந்தது? சமையல்காரர் மேல்தான்!

"தேங்காய்ப் பாலைக் கெட்டுப்போக விட்டுட்டான்" என்றார் ஒருவர். "பாத்திரத்தை ஒழுங்காக் கழுவல" என்றார் இன்னொருவர். அவருக்குத் தரவேண்டிய பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அவரைப் பேசியிருந்தவர்கள் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். நானும் அவரைத் திட்டினேன். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கருத்தது தண்ணீர்!

மூன்றாம் நாள் ஒரு சுகாதார ஆய்வாளர் வந்தார். அவர் யாரையும் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சந்தகையும் விருந்தும் சாப்பிடாதவங்க யாருக்காச்சும் பேதி வந்திருக்குதுங்களா?"

யோசித்துப் பார்த்தோம். பந்தல் போட வந்த பையன்கள் இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு முதல் நாளே வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு கூடச் சாப்பிடவில்லை. வேலை செய்யும்போது தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்கள். அவர்களுக்கும் பேதி!

"அப்படீன்னா தண்ணியப் பார்க்கோணும்" என்றார் ஆய்வாளர்.

"அந்தத் தண்ணியிலயா? கல்கண்டு மாதிரி இருக்குமுங்க!" என்றார் கல்யாண வீட்டுக்காரர்.

தரைக்குள் கட்டிய தொட்டி அது. சம்ப் என்கிறோமே, அதுதான். ஆய்வாளர் தம் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். சம்ப் தண்ணீரை அதில் கோடு வரைக்கும் நிரப்பினார். மூடி போட்டு, அலமாரியில் வைக்கச் சொன்னார். "நாளைக்குக் காலையில பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பாட்டிலைப் பார்த்தோம். எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. பாட்டிலில் இருந்த தண்ணீர் மை போலக் கருத்திருந்தது!

சம்ப்பைச் சுற்றிப் பார்த்தார்கள். எட்டடி தூரத்தில் கக்கூஸ் குழி. சம்ப்பின் சுவரில் ஒரு விரிசல். முந்தின வாரம் நல்ல மழை. விஷயம் விளங்கிவிட்டது. சமையல்காரர் மேல் குற்றம் இல்லை.

அன்று முதல் நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். நாக்குக்கு ருசி தெரியும். கிருமி தெரியாது.

நம் பெருமை

கோவைக்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் பெருமை அதிகம். சிறுவாணித் தண்ணீரைப் போல ருசியான தண்ணீர் உலகத்திலேயே வேறு எங்கும் கிடையாது என்போம். கொஞ்சம் அடக்கமானவர்கள் மட்டும் "உலகத்தில் இரண்டாவது இடம்" என்பார்கள்.

குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீருக்கு நாம் வைத்திருக்கும் பெயரே "நல்ல தண்ணி". ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீருக்கு "உப்புத் தண்ணி" என்று பெயர். நல்ல தண்ணி குடிக்க; உப்புத் தண்ணி துவைக்க. நாக்கில் வைத்துப் பார்த்தே நல்லது கெட்டதைப் பிரித்துவிட்டோம்.

பெருமையில் தவறு இல்லை. சிறுவாணி மலைத் தண்ணீர் உண்மையிலேயே அருமையானது. அணை கேரளத்தில் இருக்கிறது. தண்ணீர் கோவைக்கு வருகிறது. இதற்காக 1973-ல் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அத்திக்கடவுத் தண்ணீர் என்று நாம் சொல்வது பில்லூர் அணையிலிருந்து வரும் பவானித் தண்ணீர். அதையும் சுத்திகரித்து, குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள்.

மலையில் நல்ல தண்ணீர்தான். சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுப் புறப்படும்போதும் நல்ல தண்ணீர்தான். உங்கள் சொம்பில் விழும்போது?

வழியில் நடப்பது என்ன?

தண்ணீர் வரும் வழியைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பெரிய குழாய், மேல்நிலைத் தொட்டி, தெருக் குழாய், வீட்டு இணைப்பு, சம்ப், மோட்டார், மாடித் தொட்டி, டிரம், குடம், சொம்பு. இத்தனை படி தாண்டித்தான் வாய்க்கு வருகிறது. எந்தப் படியிலும் அழுக்கு சேரலாம்.

நம் ஊர்களில் பல இடங்களில் தண்ணீர் தினமும் வருவதில்லை. சில நாளைக்கு ஒரு முறை திறந்துவிடுகிறார்கள். குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது, ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். தண்ணீரை நிறுத்தியதும் கதை தலைகீழாகிறது. குழாய் காலியாகிறது. பக்கத்தில் சாக்கடை இருந்தால், அதே ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் குழாய்க்குள் போகிறது. மறுபடி திறக்கும்போது முதலில் அதுதான் உங்கள் குடத்துக்கு வருகிறது.

சிலர் தெருக் குழாயிலேயே மோட்டாரை வைத்து உறிஞ்சுகிறார்கள். சட்டப்படி அது குற்றம். அதோடு ஆபத்தும் கூட. மோட்டார் நல்ல தண்ணீரை மட்டும் உறிஞ்சாது. ஓட்டை வழியாகச் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும். ஒரு வீட்டின் பேராசை, தெருவுக்கே பேதி!

24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் ஓட வேண்டும் என்று 2018-ல் கோவை மாநகராட்சி ஒரு திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. வசதிக்காக மட்டும் அது தேவை என்று நினைக்காதீர்கள். குழாய் எப்போதும் நிரம்பியிருந்தால் வெளி அழுக்கு உள்ளே நுழையாது. ஆரோக்கியத்துக்காகவும் அது தேவை.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு ஓடியது. எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். விவசாயிகள் போராடினார்கள். வழக்கு நடந்தது. 2011-ல் சென்னை ஐகோர்ட்டு திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. நிறம் தெரிந்ததால் நாம் விழித்துக்கொண்டோம்.

கிருமிக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசியும் இல்லை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால், அதில் ஒன்றிரண்டு பங்குதான் அதன் நீளம். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் காலராக் கிருமி இருக்கலாம். டைபாய்டு கிருமி இருக்கலாம். மஞ்சள் காமாலை தரும் வைரஸ் இருக்கலாம்.

இதை உலகம் ஒரே நாளில் நம்பிவிடவில்லை. 1854-ல் லண்டன் நகரத்தில் காலரா பரவியது. கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரிய டாக்டர்களே நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் மட்டும் வீடு வீடாகப் போய் விசாரித்தார். செத்தவர்களில் பெரும்பாலோர் ஒரே தெருக் குழாயில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று கண்டுபிடித்தார். அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். எங்கள் கல்யாண வீட்டில் ஆய்வாளர் கேட்ட கேள்வியும் ஸ்னோ கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: "இவர்கள் எல்லோரும் குடித்தது எந்தத் தண்ணீர்?"

30 வருடம் கழித்து, ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கல்கத்தாவுக்கு வந்தார். மக்கள் குடித்து வந்த ஒரு குளத்துத் தண்ணீரிலேயே காலராக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அது 1884-ம் வருடம். பகைவன் யார் என்பது நம் நாட்டுக் குளத்தில்தான் தெரிந்தது!

திருடனின் கால் தடம்

"சரி, தண்ணீரில் எந்தக் கிருமி இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்பீர்கள்.

ஒவ்வொரு நோய்க் கிருமியாகத் தேடினால் நாள் போதாது, பணமும் போதாது. அதனால் விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்கிறார்கள்.

தோட்டத்தில் திருடன் புகுந்தானா என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம்? அவன் பிடிபடும் வரை காத்திருப்பது இல்லை. சேற்றில் கால் தடம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதே வழிதான் இங்கும்.

மனிதர் வயிற்றிலும் மாடு கன்றுகளின் வயிற்றிலும் கோடிக் கணக்கில் ஒரு கிருமி இருக்கிறது. அதன் பெயர் ஈ-கோலை. 1885-ல் எஷரிச் என்ற குழந்தை வைத்தியர் இதைக் கண்டுபிடித்தார். இதில் பெரும்பாலான வகைகள் நமக்குக் கெடுதல் செய்வதில்லை. ஆனால் இது குடிதண்ணீரில் இருந்தால் அர்த்தம் ஒன்றுதான்: அந்தத் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது. மலம் கலந்த இடத்தில் காலராவும் வரலாம், டைபாய்டும் வரலாம். ஈ-கோலை என்பது திருடனின் கால் தடம்.

குடிதண்ணீருக்கு நம் நாட்டில் ஒரு தரம் வகுத்திருக்கிறார்கள். 100 மில்லி தண்ணீரை எடுத்துச் சோதித்தால், அதில் ஒரு ஈ-கோலை கூட இருக்கக் கூடாது. பத்து இருந்தால் பரவாயில்லை, ஐந்து இருந்தால் பரவாயில்லை என்ற பேச்சே கிடையாது. பூஜ்யம்தான் இருக்க வேண்டும்!

குவாலியரில் பிறந்த பாட்டில்

இந்தச் சோதனையைச் செய்ய ஆய்வுக்கூடம் வேண்டும். கிருமி நீக்கிய பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதைச் சூடு படாமல் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வால்பாறை எஸ்டேட்டில் இருப்பவரும் ஆனைகட்டி மலைக் கிராமத்தில் இருப்பவரும் என்ன செய்வார்கள்?

இந்தக் கஷ்டத்துக்கு நம் நாட்டு விஞ்ஞானிகளே வழி கண்டார்கள். குவாலியர் நகரத்தில் ராணுவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்த மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவரும் ஒரு சுலபமான சோதனையைக் கண்டுபிடித்தார்கள். 1982-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பத்திரிகையில் அதை வெளியிட்டார்கள். எங்கள் கல்யாண வீட்டில் கருத்ததே, அந்தப் பாட்டில் அந்த வழியில் வந்ததுதான்.

அதற்குள் என்ன இருக்கிறது? கிருமிக்குச் சாப்பாடு இருக்கிறது. கந்தகம் கலந்த ஓர் உப்பு இருக்கிறது. இரும்பு கலந்த ஓர் உப்பு இருக்கிறது. இவ்வளவுதான்.

மலத்தோடு வரும் கிருமிகளில் சில, அந்தக் கந்தக உப்பைத் தின்று ஒரு வாயுவை வெளியிடும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயு. அது இரும்போடு சேர்ந்தால் கருப்பாகிவிடும். தண்ணீர் கருத்தால் ஆபத்து. கருக்காவிட்டால் இந்தச் சோதனையில் தேறியது.

இதற்கு மின்சாரம் வேண்டாம். மைக்ராஸ்கோப் வேண்டாம். நம் ஊர் வெயில் காலச் சூடே போதும். குளிர் காலத்தில் மட்டும் முடிவு தெரியக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம்: கருப்பா, இல்லையா?

சோதிப்பவர் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் தண்ணீரை ஓட விட வேண்டும். பாட்டிலின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. சோதித்து முடித்த பாட்டிலைக் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. அதில் கிருமிகள் பெருகியிருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் கொட்ட வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டில் கடவுள் அல்ல. சில ஆழ்குழாய்க் கிணறுகளில் மலம் கலக்காமலே கந்தகம் சார்ந்த கிருமிகள் இருக்கும். அந்தத் தண்ணீரும் கருக்கும். மஞ்சள் காமாலை வைரஸ் இருந்தால் பாட்டிலுக்குத் தெரியாது. ஆகவே, கருத்தால் அந்தத் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கருக்காவிட்டாலும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

மருந்து வாசனை நல்லது!

உடனே முடிவு சொல்லும் சோதனை ஒன்றும் உண்டு. குழாய்த் தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். சில மருந்துகளில் ரோஜா நிறம் வரும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் கடைசி வீட்டுக் குழாய் வரை மிஞ்சியிருக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் மருந்து வாசனை லேசாக அடித்தால் நாம் முகம் சுளிக்கிறோம். "தண்ணி நல்லாவே இல்லீங்க" என்று புகார் செய்கிறோம். ராத்திரியில் கூர்க்கா விசில் ஊதினால் தூக்கம் கெடுகிறது என்று அவரை வேலையை விட்டு நிறுத்துவோமா? லேசான குளோரின் வாசனை அந்த விசில் மாதிரி. காவலாளி விழித்திருக்கிறான் என்று அர்த்தம்.

பலகையில் எழுதுங்கள்!

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சோதனை இருக்கிறது. சோதிக்கவும் செய்கிறார்கள். தமிழ்நாடு குடிநீர் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. 2019-ல் மத்திய சர்க்கார் ஜல் ஜீவன் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும். சோதனைப் பெட்டியும் கொடுக்க வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை என்று வருடத்தில் இரண்டு தடவை கிருமிச் சோதனை செய்ய வேண்டும். பொதுமக்களும் சிறு கட்டணம் கட்டி ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம் என்று 2021-ல் வழி திறந்துவிட்டார்கள்.

இதெல்லாம் நல்ல காரியம். ஆனால் முடிவு எங்கே போகிறது? நோட்டுப் புத்தகத்துக்குப் போகிறது. கம்ப்யூட்டருக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குப் புகட்டும் தாய்க்குத் தெரிகிறதா?

தினமும் பத்திரிகையில் பார்க்கிறோம். சிறுவாணி அணையில் இத்தனை அடி. ஆழியாற்றில் இத்தனை அடி. பவானிசாகரில் இத்தனை அடி. டீக்கடையில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படிக்கிறோம். அணையில் எவ்வளவு தண்ணீர் என்று தினமும் சொல்கிறோமே, குடத்தில் எப்படிப்பட்ட தண்ணீர் என்று சொல்ல வேண்டாமா?

ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு வார்டிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். ரேஷன் கடை வாசலில் வைக்கலாம். பள்ளிக்கூட வாசலில் வைக்கலாம். அதில் நாலே வரி போதும். எந்தத் தெருக் குழாயில் தண்ணீர் எடுத்தோம். எந்தத் தேதியில் எடுத்தோம். முடிவு என்ன. கெட்டது என்றால் என்ன நடவடிக்கை எடுத்தோம்.

தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் மட்டும் எடுத்துச் சோதித்தால் போதாது. தெருக் கோடியில் இருக்கும் கடைசி வீட்டுக் குழாயில் எடுக்க வேண்டும். அங்கே நன்றாக இருந்தால் எல்லா வீட்டிலும் நன்றாக இருக்கும் என்று ஓரளவு நம்பலாம். பெருமழைக்கு மறுநாளும், குழாயை வெட்டி ஒட்டிய மறுநாளும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

"பீதி கிளம்பும்" என்பார்கள்!

இதைச் சொன்னால் சில அதிகாரிகள் தலையை ஆட்டுவார்கள். "தண்ணீர் கெட்டது என்று பலகையில் எழுதினால் ஜனங்கள் பீதி அடைவார்கள்" என்பார்கள்.

எது பீதி? ஒரு தெருவில் பத்துக் குழந்தைகளுக்குப் பேதி வந்து, காரணம் தெரியாமல் தவிப்பது பீதியா? "இரண்டு நாளைக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், குழாயைச் சரி செய்கிறோம்" என்று முன்கூட்டிச் சொல்வது பீதியா? ஜனங்கள் உண்மையைத் தாங்குவார்கள். மறைத்தால்தான் வதந்தி கிளம்பும். வதந்தி கிளம்பினால் பழி யாரோ ஓர் ஏழை மேல் விழும். எங்கள் சமையல்காரர் மேல் விழுந்தது போல!

"வசதி உள்ளவர்கள் வீட்டில் இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்துகொள்கிறார்கள், மற்றவர்கள் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்கிறார்கள், இனி எதற்குச் சோதனை?" என்றும் சிலர் கேட்பார்கள். பஞ்சாலைக் கூலியில் குடும்பம் நடத்துபவர் தினமும் கேன் வாங்க முடியுமா? கேன் தண்ணீர் மட்டும் எப்போதும் சுத்தம் என்று யார் சொன்னது? அந்தக் கேனையும் கழுவித் திரும்ப நிரப்புகிறார்கள். அதையும் சோதிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர்தான் ஏழைக்கும் பணக்காரருக்கும் பொது. அது சுத்தமாக இருக்க வேண்டியது சர்க்காரின் கடமை. சுத்தமா என்று கேட்க வேண்டியது நம் கடமை.

சோதனை செய்யும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டில் கருத்துவிட்டது என்று ஒரு பெண் வந்து சொன்னால், "உனக்கு எதுக்கம்மிணி இந்த வேலை? ஊர் மானம் போகுது" என்று அவளை அதட்டாதீர்கள். ஊர் மானம் பாட்டில் கருத்ததால் போகாது. குழந்தை செத்தால்தான் போகும்.

தாய்மார்களுக்கு

பலகை வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது.

தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்கிவிடக் கூடாது. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். கிருமிகள் செத்துவிடும். அதே பாத்திரத்தில் மூடி ஆற வையுங்கள். காய்ச்சிய தண்ணீரைக் கழுவாத குடத்தில் ஊற்றினால் காய்ச்சியதே வீண்.

குடத்துக்குள் சொம்பையும் கையையும் விடாதீர்கள். நீளக் காம்பு உள்ள அகப்பையால் மொண்டு ஊற்றுங்கள். குழாய் வைத்த பாத்திரமாக இருந்தால் இன்னும் நல்லது.

சம்ப்பையும் மாடித் தொட்டியையும் அடிக்கடி கழுவுங்கள். விரிசல் இருக்கிறதா, மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கக்கூஸ் குழிக்குப் பக்கத்தில் சம்ப் கட்டாதீர்கள். கொத்தனார் "இடம் இல்லீங்க" என்று சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

யாருக்காவது பேதி வந்தால், காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தை சோர்ந்துபோனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மன்னிப்பு

தண்ணீர் கருத்த விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஆனால் சமையல்காரர் வீட்டுக்கு யாரும் போகவில்லை. பாக்கிப் பணத்தை மட்டும் யார் மூலமாகவோ கொடுத்தனுப்பினார்கள்.

சில மாதம் கழித்து நான் போனேன். மனசு கேட்கவில்லை. "உங்களைத் தப்பாப் பேசிட்டனுங்க. மன்னிக்கோணும்" என்றேன்.

அவர் திண்ணையில் உட்கார வைத்தார். காப்பி கொடுத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"பாத்திரமெல்லாம் மூணு தடவ கழுவுனனுங்க. எந்தத் தண்ணியில கழுவுனேன்னுதான் பாக்கல. ஆருங்க பாக்கறாங்க?"

"யார் பார்க்கிறார்கள்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை.

இன்று பதில் சொல்லலாம். நாம் பார்க்க வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது கேளுங்கள்.

"எங்கள் தெருத் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? முடிவு என்ன? பலகை எங்கே?"